சதுர அடிக் கணக்கும் சொந்த வீடும்

‘வீடு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று நாம் குடியிருக்கும் மனை. மற்றையது பிறவித் தளையினின்றும் பெறும் விடுதலை. அறம், பொருள், இன்பம் என்னும் மூன்றையும் கடந்த பின்னரே அந்த இரண்டாவது வீடு கிட்டும் என்பர் நூலோர். முதலாவது வீட்டைக் கட்டி முடிப்பதற்கோ இம்மூன்றையும் ஒருங்கே செலவிட வேண்டியிருக்கிறது என்று எங்கள் அயலிலுள்ள முதியவர் ஒருவர் சொல்லிச் சிரிப்பார். அவர் தமது அறுபதாவது வயதிலே வீடு கட்டியவர்.

சொந்த வீடு எழுப்புதலே யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பம் தன் வாழ்நாளிற் செய்யும் மிகப் பெரிய செலவு. ஒரு கூறைச் சேலை வாங்குவதற்குப் பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். சரிகையை உரசிப் பார்க்கிறோம். நிறம் போகுமா, போகாதா என்று வினாவுகிறோம். வீட்டைப் பொறுத்தவரையில் மட்டும் ஒரேயொரு கேள்வியோடு மனம் அமைதி அடைந்துவிடுகிறது: “சதுர அடிக்கு எவ்வளவு?” இந்த ஒரு கேள்வி போதுமா என்பதே இக்கட்டுரையில் யான் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இலக்கியப் பக்கத்திலே கல்லுக்கும் மண்ணுக்கும் என்ன வேலை என வாசகர் வினவக்கூடும். கொந்தராத்துக்காரர் எழுதித் தரும் மதிப்பீடும் ஒரு வாசகமே அன்றோ? செய்யுளுக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் காணப் பழகிய ஆசிரியரும் மாணவரும் அந்த வாசகத்தையும் அவ்வாறே படித்தல் வேண்டும். அதிற் சொல்லப்பட்டது யாது என்பதோடு, சொல்லாது விடப்பட்டது யாது என்பதையும் கண்டுகொள்ளல் வேண்டும். பெரும்பாலும் பணம் போவது சொல்லாது விடப்பட்ட வழியாலேயே.

மூன்று மதிப்பீடுகள்

என் தமையனாரின் மகளும் அவள் கணவரும் பாடசாலை ஆசிரியர்கள். கொக்குவில் கிழக்கிலே அவளுக்குச் சீதனமாக வந்த மூன்று பரப்புக் காணி உண்டு. அதில் வீடு கட்ட அவர்கள் எண்ணியபோது கையிலிருந்த முதல் மூன்று: ஓய்வுபெறும் காலம் வரை இருவர் சம்பளத்திலும் கழிக்கப்படவிருக்கும் வங்கிக் கடன், அவளுடைய நகைகள், கனடாவிலிருக்கும் தமையன் தருவதாகச் சொன்ன உதவி. இவற்றுள் எதுவும் இரண்டாம் முறை கிடைக்கக் கூடியதன்று. “சித்தப்பா, நீங்களும் ஒருக்கா வந்து கதைச்சுப் பாருங்கோ” என்று அவள் கேட்டபடியால், ஓய்வுபெற்றிருந்த யானும் உடன் சென்றேன்.

மூவரிடம் கேட்டோம். முதலாமவர் ஊரிலே முப்பது ஆண்டுக்கு மேலாகத் தொழில் செய்யும் மேசனார். சீமெந்து, மணல், கம்பி, மரம் யாவும் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுக்க வேண்டும். அவர் தம் ஆட்களோடு வேலையை அளவுக் கணக்கிற் செய்து கூலி பெறுவார். இதைக் கூலிக் கொந்தராத்து என்பர். இரண்டாமவர் சாமானும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தாளில் எழுதித் தந்த கொந்தராத்துக்காரர். மூன்றாவது, நகரத்திலே அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையிலே பதிவு பெற்றது. அது தந்தது பல பக்கங்கள் கொண்ட கோவை. முன்பக்கத்தில் இன்னும் கட்டப்படாத வீட்டின் வண்ணப்படம்.

தொகையை மட்டும் நோக்கினால் விடை வெளிப்படையாகவே தோன்றியது. நிறுவனத்தின் தொகை மிகக் கூடியது; மேசனாருடையது கூலி மட்டுமாகையால் ஒப்பிட முடியாதது; ஆகவே கொந்தராத்துக்காரருடையதே மலிவு. உறவினர் யாவரும் அவ்வாறே சொன்னார்கள். மேசனார் மாத்திரம் வேறு சொன்னார்: “மாஸ்ரர், சதுர அடியைக் கேக்காதேங்கோ. ஒரு மூட்டைச் சீமெந்துக்கு எத்தினை கல்லு அரியிறியள் எண்டு கேளுங்கோ.”

ஒரு மூட்டைக்கு எத்தனை கல்?

அந்தக் கேள்வியின் ஆழத்தை ஒரு சிறு கணக்கு காட்டும். நம் ஊரிலே சுவருக்கு அரியும் சீமெந்துக் கல் பொதுவாக 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் உடையது. அகலம் 6 அங்குலமாயின் அதன் கன அளவு ஏறக்குறைய 0.44 கன அடி. 50 கிலோ மூட்டைச் சீமெந்தின் கன அளவு ஏறக்குறைய 1.25 கன அடி. சீமெந்து மணலின் இடைவெளிகளில் நிறைந்துவிடுவதால் கலவையின் கன அளவு பெரும்பாலும் மணலின் கன அளவே.

இனி, மூட்டைக்கு 20 கல் அரிந்தால் கலவை ஏறக்குறைய 9 கன அடி. அதாவது ஒரு பங்கு சீமெந்துக்கு ஏழு பங்கு மணல். 40 கல் அரிந்தால் ஒரு பங்குக்குப் பதினான்கு பங்கு மணல். இரண்டும் உருவத்தில் ஒன்றே. பூச்சுப் பூசி, நிறம் தீட்டிய பின்னர் வேற்றுமை எவர் கண்ணுக்கும் தெரியாது. யன்னல் நிலைக்கு ஆணி அடிக்கும்போதும், சில மாரிகள் கழிந்து சுவரில் ஈரம் ஏறும்போதும் தெரியும். சுவரில் 100 சதுர அடிக்கு இத்தகைய கல் 112 வரை வேண்டும். ஒரு வீட்டின் சுவர் முழுவதற்கும் கணக்கிட்டுப் பாருங்கள். மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரிகூட மாறாமல் எத்தனை மூட்டைச் சீமெந்து மிச்சம் பிடிக்கப்படலாம் என்பது விளங்கும்.

மணலின் கதையும் இவ்வாறே. வடமராட்சி கிழக்கின் கடலோர மணலில் உப்பு இருக்கக் கூடும். கழுவாத உப்பு மணலைக் கொங்கிறீற்றில் இட்டால் உள்ளே கிடக்கும் கம்பி துருவேறிப் பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும். ‘மணல்’ என்று மட்டும் எழுதிய தாளுக்கும் ‘உப்பற்ற மணல்’ என்று எழுதிய தாளுக்கும் இடையே உள்ள ஒரு சொல், கூரைத் தட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

பழைய கணக்கு

இத்தகைய கேள்விகளை எங்கள் பாட்டன்மார் கேட்டதில்லையே என்று சிலர் எண்ணலாம். அவர்கள் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. குடாநாடு சுண்ணக்கற்பாறையின்மேல் அமைந்தது. நிலத்தைக் கிண்டினால் அத்திவாரத்துக்கும் சுவருக்கும் கல். அதனையே சூளையிலிட்டுச் சுட்டால் சாந்துக்குச் சுண்ணாம்பு. வளையும் சிலாகையும் வைரமேறிய பனையிலிருந்து வந்தன. நிலைக்கும் கதவுக்கும் வன்னியின் பாலையும் முதிரையும் வண்டிலேறின. ஓலைக் கூரை ஓட்டுக்கு மாறிய காலத்தில், 1865இல் பாசல் மிசனார் மங்களூரிலே தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்த தட்டையோடுகள் கடல் கடந்து வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, மேசனாரின் தந்தையையும் ஓடாவியாரின் பாட்டனையும் வீட்டுக்காரர் அறிந்திருந்தார். பிழை செய்தவர் அடுத்த நாள் அதே ஒழுங்கையால் நடந்து போக வேண்டியிருந்தது. அக்காலத்து ஒப்பந்தத்துக்குத் தாள் வேண்டியதில்லை, ஊரே சாட்சி.

1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலம் அது. அதன்பின் வெள்ளைக்கல்லின் இடத்தைச் சீமெந்துக் கல் பிடித்தது. 1990இல் போரினால் அத்தொழிற்சாலை நின்றது. குடாநாட்டுக்குள் வரத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிலே சீமெந்தும் சேர்ந்தது. ஆண்டுக்கணக்கில் புதிய வீடு எழவில்லை, பழைய சுவரைத் திருத்தவும் வழி இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் கையில் எடுத்ததோடு தென்மராட்சி நோக்கி வெளியேறினர். அடுத்த ஆண்டு திரும்பியவர்களுட் பலர் கூரையும் கதவும் அற்ற சுவர்களையே கண்டனர். ஏ9 வீதி 2002இல் திறந்தது, 2006இல் மூடப்பட்டது, 2009 முடிவிலே மீண்டும் திறந்தது.

இந்த இடைக்காலத்திலே தொழிலறிவு தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் தொடர் பல குடும்பங்களில் அறுந்துபோயிற்று. வல்லவர் பலர் கடல் கடந்தனர். வீதி திறந்த பின்னர் வேலை பெருகியது. வெளிநாட்டுப் பணமும் பெருகியது. வேலைக்கு வந்தவர்களை ஊர் அறியாது. ஊர் சாட்சியாக நின்ற இடத்திலே இன்று எழுத்துத்தான் நிற்க வேண்டும். ஆகையினாலேயே அந்த எழுத்தை நாம் படிக்கக் கற்க வேண்டியிருக்கிறது.

சதுர அடியின் மறைவு

சதுர அடி என்பது பொய்யான அளவு அன்று. அது முழுமையற்ற அளவு. முதலாவதாக, எதனை அளப்பது? வெளிப்புறம் 30 அடிக்கு 40 அடி உள்ள வீட்டை வெளிச்சுவர் சேர்த்து அளந்தால் 1200 சதுர அடி. சுவரின் அகலம் அரை அடி எனக் கொண்டு உட்புறத்தை அளந்தால் 29 அடிக்கு 39 அடி. அதாவது 1131 சதுர அடி. ஒரே வீடு, 69 சதுர அடி வேற்றுமை. விறாந்தையை முழுமையாகக் கணக்கிடுவதா, பாதியாகவா என்பதிலும் ஆளுக்கொரு வழக்கம். எங்களுக்குத் தரப்பட்ட இரு மதிப்பீடுகளும் இவ்வாறே வெவ்வேறு முறையில் அளக்கப்பட்டிருந்தன.

இரண்டாவதாக, பரப்பு ஒன்றாயினும் சுவர் ஒன்றாகாது. 30க்கு 40 அடி வீட்டின் வெளிச்சுவர் 140 அடி. அதே 1200 சதுர அடியை 20க்கு 60 அடியாக நீட்டினால் 160 அடி. இனி நம் பழைய நாற்சார் வீட்டை நினைத்துப் பாருங்கள். வெளிப்புறம் 40க்கு 40 அடி. நடுவே வானம் பார்த்த முற்றம் 20க்கு 20 அடி. கூரையிட்ட பரப்பு அதே 1200 சதுர அடிதான். வெளிச்சுவர் 160 அடி; முற்றத்தைச் சூழ உள்ள விளிம்பு 80 அடி; ஆக 240 அடி. முற்றத்தின் பக்கத்திலே சுவருக்குப் பதில் தூண்கள் நிற்கும் என்பது உண்மை. எனினும் அங்கே கூரை விளிம்பு உண்டு. நாற்புறமும் பீலி உண்டு. மழைநீர் வெளியேற வாய்க்கால் உண்டு. சதுர அடிக்கு ஒரே விலை பேசும் கொந்தராத்துக்காரர் நாற்சாரைக் கட்டினால் நட்டப்படுவார்; பெட்டி போன்ற வீட்டைக் கட்டினால் இலாபம் பெறுவார். நம் வீடுகளிலிருந்து முற்றம் மறைந்ததற்குக் காலமாற்றமும் குடும்பச் சுருக்கமும் காரணமென்று எழுதி வந்திருக்கிறோம். இந்தக் கணக்கையும் அக்காரணங்களோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று யான் எண்ணுகிறேன்.

மூன்றாவதாக, சதுர அடிக்குள் அடங்காதவை. இரண்டாமவரின் தாளிலே கிணறு இல்லை, மதில் இல்லை, மின் இணைப்பு ‘வீட்டுக்காரர் பொறுப்பு’, கதவு ‘நல்ல மரம்’. எந்த மரம்? முதிரையும் நல்ல மரம், வேம்பும் நல்ல மரம், விலையோ ஒன்றன்று. மலசலகூடக் குழியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நம் நிலத்திலே இது சிறு விடயம் அன்று. சுண்ணக்கல்லின் வெடிப்புக்களூடாக நீர் விரைந்து செல்லும். குழியின் அடி திறந்திருந்தால் அதன் கழிவு நம் கிணற்றுக்கோ அயலவர் கிணற்றுக்கோ போய்ச் சேரும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டுமென்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. இரண்டு பரப்பு என்பது 5445 சதுர அடி மாத்திரமே. அயலவரின் கிணறும் வேலியோரம் இருக்குமாயின் அந்த இடைவெளியைக் காண்பது அரிது. எனவே அடியும் பக்கமும் அடைத்துக் கட்டிய தொட்டி வேண்டும். அதற்குத் தனிச் செலவு வேண்டும். அதை எழுதாத மதிப்பீடு மலிவாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

பிரதேச சபையின் அனுமதியும் இவ்வாறே. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் தொடங்கி, கட்டுமுன் வரைபடத்துக்கு அனுமதியும் கட்டியபின் குடியிருக்கத் தக்கதெனச் சான்றிதழும் பெறும் கடமை இருந்து வருகிறது. அந்த அலைச்சலும் கட்டணமும் யாருடையவை என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளாதவர் பின்னர் வீட்டுக்காரரின் தலையிலேயே அவை விழக் காண்பார்.

விலை ஏறினால் யார் தாங்குவது?

2021 நவம்பரிலே 50 கிலோ சீமெந்து மூட்டை 1275 ரூபாவுக்கு விற்றது. 2022 ஏப்ரலில் அதன் விலை 2350 ரூபா. ஐந்தே மாதம். ஒரு வீட்டுக்கு இன்னும் 400 மூட்டை தேவை என்று வைத்துக்கொள்வோம். சீமெந்தில் மட்டும் வேற்றுமை 4,30,000 ரூபா. கம்பியும் ஓடும் மின்கம்பியும் இதனோடு சேர்ந்தே ஏறின. டொலருக்கு 200 ரூபாவளவில் நின்ற நாணயம் அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் 360 ரூபாவரை வீழ்ந்தது அல்லவா? அக்காலத்தில் கூரையின்றி நின்றுபோன வீடுகள் இப்பகுதியிலும் பல.

அந்நாளில் இரு வகை ஒப்பந்தக்காரரும் துன்பப்பட்டனர். விலை மாறாது என்று கையெழுத்திட்ட கொந்தராத்துக்காரருள் சிலர் வேலையைக் கைவிட்டனர். விலையேற்றம் வீட்டுக்காரர் பொறுப்பு என்று எழுதிய இடத்தில் வீட்டுக்காரர் கடன்பட்டனர். நடுவழி ஒன்று உண்டு. நான் மேலே குறிப்பிட்ட அதிகார சபை மாதந்தோறும் கட்டடப் பொருள்களின் விலைச் சுட்டெண்களை வெளியிடுகிறது. விலை ஏறினாலும் இறங்கினாலும் அவற்றைக் கொண்டு தொகையைத் திருத்தும் சூத்திரமும் உண்டு. பெரிய ஒப்பந்தங்களில் வழங்கும் அம்முறையைச் சிறு வீட்டுக்கும் எளிய வடிவிலே எழுதிக்கொள்ளலாம்: கையெழுத்திடும் நாளின் சீமெந்து, கம்பி விலைகளைக் குறித்து வைத்து, ஏறிய பங்கை இருவரும் இன்ன விகிதத்தில் தாங்குவது என்று இரண்டு வரி போதும். எங்களுக்குக் கிடைத்த மூன்று மதிப்பீடுகளுள் நிறுவனத்தின் கோவையில் மட்டுமே இதைப் பற்றிய வாசகம் இருந்தது.

ஊர் அளவிலும் நாட்டளவிலும்

ஒரு குடும்பத்தின் முன் நிற்கும் இக்கேள்வி, போர் முடிந்த பின்னர் வடக்கு, கிழக்கு முழுவதற்குமாக எழுந்தது. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தின் பெரும்பகுதி 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கியது. புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபா. பணம் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே, வேலை ஏற ஏறக் கட்டம் கட்டமாக வந்தது. மேசனைத் தேர்ந்தவரும் கல் அரிவித்தவரும் வீட்டுக்காரரே. தொகை போதாமையாலும், விருப்பம் மிகுந்து வீட்டைப் பெருப்பித்தமையாலும் பலர் கடனில் விழுந்தனர் என்பதும் மறைக்கத் தக்கதன்று. ஆயினும் அந்தப் பணத்திற் பெரும்பங்கு ஊர் மேசனுக்கும் ஓடாவிக்கும் வண்டிக்காரருக்கும் கூலியாகச் சென்றது.

2016ஐ ஒட்டி வேறொரு திட்டம் வந்தது. 65,000 உருக்கு வீடுகள். அமைப்பதற்குத் தெரிவானது ஆர்சலர் மித்தல் என்னும் உலகப் பெரு நிறுவனம். வீடொன்றுக்கு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. தளபாடமும் சூரிய மின்தகடும் அதனுள் அடக்கம். அதே பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்று மக்கள் கேட்டனர். நம் வெயிலில் உருக்குச் சுவரின் வெப்பம் எப்படி? கடற்காற்றில் துரு எப்படி? விறகடுப்புப் புகை எங்கே போகும்? மகள் கலியாணத்தின்போது இன்னோர் அறை சேர்க்கலாமா? ஊரிலுள்ள மேசனுக்கு இதில் என்ன வேலை? மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் அறிஞரும் பொருளியலறிஞரும் மக்கட் பிரதிநிதிகளும் இக்கேள்விகளை எழுதியும் பேசியும் வந்தனர். 65,000 என்ற அளவில் அத்திட்டம் நிறைவேறவில்லை.

2018இல் நிகழ்ந்ததோ நம் பொருளுக்கு இன்னும் பொருத்தமானது. அவ்வாண்டு முதலில் சீன நிறுவனம் ஒன்றுக்கு 30 கோடி டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகைக்கு 40,000 வீடுகள் ஒப்படைக்கப்பட்டன. மக்கள் தம் தலைமுறைகள் வாழ்ந்தது போன்ற கல்வீடே வேண்டும் என்றனர். ஒக்டோபரில் அரசு அதனை மாற்றி, இந்திய நிறுவனம் ஒன்றுக்கும் இலங்கை நிறுவனங்கள் இரண்டுக்குமாக 28,000 வீடுகளை 3580 கோடி ரூபாவுக்கு, அதாவது ஏறக்குறைய 21 கோடி டொலருக்கு, வழங்குவதாக அறிவித்தது. வகுத்துப் பாருங்கள். முன்னதிலும் பின்னதிலும் வீடொன்றின் விலை ஏறக்குறைய 7500 டொலரே! தொகையால் மட்டும் ஒப்பிட்டிருந்தால் இரண்டும் ஒன்றென்றே தோன்றியிருக்கும். வேற்றுமை தொகையில் இருக்கவில்லை. அத்தொகைக்கு எவ்வகை வீடு என்பதில் இருந்தது. படிப்பறிவு குறைந்தவர் என்று நாம் கருதும் எளிய குடும்பங்களே அதனைக் கண்டு சொன்னார்கள்.

பிறநாட்டார் கட்டுவதே தகாது என்பது என் கருத்தன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சோழன் பூஞ்சோலையிலே மகதத்துக் கைவினைஞரும் மராட்டியக் கம்மியரும் அவந்தி நாட்டுக் கொல்லரும் யவனத் தச்சரும் தமிழ்த் தொழிலாளரோடு ஒன்றுகூடி மண்டபம் சமைத்ததாக மணிமேகலையிலே சாத்தனார் கூறுகிறார். அங்கே எவர் எதில் வல்லவர் என்பது தெரிந்திருந்தது. தமிழ்த் தொழிலாளரும் உடன் நின்றனர். அந்த இரண்டும் இருக்குமாயின் கட்டுபவர் எந்நாட்டவராயினும் அமையும்.

வரிசை மாறிய விதம்

இனி எங்கள் மூன்று மதிப்பீடுகளுக்கு வருவோம். ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரைக் கொண்டு, வரைபடத்திலிருந்து அளவுப் பட்டியல் ஒன்று தயாரித்தோம். அத்திவாரம் இத்தனை கன அடி. சுவர் இத்தனை சதுர அடி. மூட்டைக்கு இத்தனை கல்லுக்கு மேற்படாது. கதவு இன்ன மரம். ஓடு இன்ன வகை. அடைத்துக் கட்டிய மலசலகூடத் தொட்டி ஒன்று. மின்விளக்குப் புள்ளி இத்தனை. அதற்கு அவர் பெற்ற ஊதியம் வீட்டுச் செலவிலே மிகச் சிறு பங்கு. அந்த ஒரே பட்டியலின் மூன்று பிரதிகளை மூவரிடமும் கொடுத்து, வரிக்கு வரி விலை எழுதித் தரும்படி கேட்டோம்.

தொகைகளை இங்கே எழுதுவதால் பயனில்லை. அடுத்த மாதத்தில் அவை பொருந்தமாட்டா. வரிசை மாறிய விதம் மட்டும் சொல்லத் தக்கது. மலிவென்று யாவரும் சொன்ன இரண்டாமவரின் தொகை, விடுபட்டவை யாவும் சேர்ந்தபின் நிறுவனத்தின் தொகையையும் தாண்டிற்று. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். சதுர அடிக்கு விலை கேட்டோம், அவரும் சதுர அடிக்கு விலை சொன்னார். நிறுவனத்தின் தொகை பெரும்பாலும் மாறாமலே நின்றது. மேசனாரின் கூலியோடு சாமான் விலையைச் சேர்த்துப் பார்த்தபோது அதுவே எல்லாவற்றிலும் குறைவு.

ஆனால் அங்கும் எழுதப்படாத ஒரு செலவு உண்டு. சாமான் வாங்க யார் போவது? மணல் வரும்போது அளந்து எடுப்பது யார்? மேசனும் முட்டாளும் வந்தார்களா என்று காலை ஏழு மணிக்குப் பார்ப்பது யார்? (பிறவூர் வாசகர் பொறுத்தருள்க: மேசனுக்குச் சாந்தும் கல்லும் எடுத்துக் கொடுக்கும் கையாளை யாழ்ப்பாணத்தில் முட்டாள் என்பர், அறிவோடு அதற்குத் தொடர்பில்லை.) வீட்டுக்காரரே கட்டுவிக்கும் வீடு மலிவாவது, ஒருவருடைய காலம் கூலியின்றி அதிற் சேர்வதால் என்பதை நாம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. இந்திய வீட்டுத் திட்டத்தின் வீடுகளிலும் வீட்டுப் பெண்கள் சுமந்த தண்ணீரும் பிள்ளைகள் அடுக்கிய கல்லும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இருவரும் பாடசாலைக்குப் போகும் ஒரு குடும்பத்துக்கு, வீட்டிலே ஓய்ந்திருக்கும் சித்தப்பா ஒருவர் இல்லையெனின், நிறுவனத்தின் கூடிய தொகையே உண்மையில் மலிவானதாகலாம். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பித் தொலைபேசியிற் படம் பார்த்து வீடு கட்டுவிப்போர்க்கு இது இன்னும் பொருந்தும்.

மகளும் மருமகனும் மேசனாரையே தெரிந்தனர். காலை ஏழு மணி என் பொறுப்பாயிற்று. கூலியை ஐந்து கட்டமாகப் பிரித்தோம்: அத்திவாரம், யன்னல் மட்டம், கூரை, பூச்சு, முடிவு. ஒவ்வொரு கட்டத்தையும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளந்து ஒப்பமிட்ட பின்னரே பணம். கடைசிப் பங்கில் ஒரு சிறு தொகை ஒரு மாரி கழியும்வரை எங்களிடம் நிற்கும். மேசனார் இதைக் கேட்டு மனங்கோணுவாரோ என்று அஞ்சினோம். “எழுதினபடியால் எனக்கும் நல்லது மாஸ்ரர்; பிறகு ஆரும் என்னிலை குறை சொல்லேலாது” என்றார். எழுத்து இருசாராரையும் காக்கிறது.

வீடு கட்ட நினைக்கும் ஆசிரியத் தோழர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் யான் சொல்ல விரும்புவது இதுவே. சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்குமுன், எதற்கு விலை என்று நீங்களே எழுதுங்கள். அதே எழுத்தை எல்லோரிடமும் கொடுங்கள். அதன்பின், கட்டுபவர் இப்போது கட்டிக்கொண்டிருக்கும் வீட்டையன்று, ஐந்து மாரி கண்ட ஒரு வீட்டைக் காட்டும்படி கேளுங்கள். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ, மழை பெய்து ஓய்ந்த அன்றே போங்கள். சுவரின் அடியையும் பீலியின் மூலையையும் பாருங்கள். அந்த வீட்டுப் பெண்மணியிடம், கிணற்றுத் தண்ணீர் எப்படி, இவரை மீண்டும் வேலைக்கு அழைப்பீர்களா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். அவர் சொல்லும் விடையை எந்த மதிப்பீட்டுத் தாளிலும் காண முடியாது.